கோபத்துக்கு ஷெங்கன் விசா

ஐரோப்பாவின் காலனி ஆதிக்கத்தை நேரில் போய்த் திட்டுவதென்றால் அதற்கும் விசா எடுத்தாக வேண்டும். பேங்க் ஸ்டேட்மென்ட், அப்பாவின் வருமான வரிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, தங்கப்போகும் இடத்தின் முன்பதிவு, சிரிக்காத முகத்தோடு ஒரு புகைப்படம். எல்லாவற்றுக்கும் மேலாக, போகிற பெண் ஒழுங்காக ஊர் திரும்பிவிடுவாள் என்பதற்கு ஆதாரம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ல் கடை திறந்தது. 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை எழும்பியது. 1658-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினம் அவர்கள் கைக்கு வந்தது. எங்கேயும் யாரும் அவர்களை ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்கு இந்தப் பயணமே தேவைப்பட்டிருக்காது.

நாங்கள் கலை வரலாறு முதுகலை மாணவர்கள் கொஞ்சம் பேர், மேய்ப்பதற்கு மேடம் ஒருவர். 2024 வசந்தத்தில் நெதர்லாந்துக்கு ஒரு குட்டிக் கல்விப் பயணம். விண்ணப்பத்தில் ‘கலை, அருங்காட்சியகம், காலனி வரலாறு’ என்று போட்டிருந்ததைப் படித்த என் தாய்மாமா, “இந்த மூணுல எதுக்கும்மா வேலை கிடைக்கும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன்பே மேடம் ஒரு கட்டு ஜெராக்ஸைக் கொடுத்து, “படிச்சிட்டு வாங்க. அங்க வந்து பேந்தப் பேந்த முழிக்கக் கூடாது” என்றார். படிக்கப் படிக்க ரத்தம் சூடேறியது. மதுரைக்காரன் (வகுப்பில் அவனுக்கு அதுதான் பெயர்) அருங்காட்சியகத்தாரை மடக்குவதற்கென்றே ஆங்கிலத்தில் கேள்விகள் தயாரித்து, ஹாஸ்டல் கண்ணாடி முன் நின்று விரலை நீட்டிப் பழகினான். போதாதென்று வீட்டுப்பாடம் வேறு. ஆளுக்கொரு காட்சிப் பொருளைத் தேர்ந்தெடுத்து, அறுபது சொல்லுக்குள், தமிழில், அதன் பக்கத்தில் மாட்டுவதற்கு ஒரு விளக்கக் குறிப்பு எழுதித் தர வேண்டும். விமானம் ஸ்கிபோலில் இறங்கியபோது எங்கள் வரிசையில் எல்லோருமே கட்டபொம்மன்கள்தான்.

ஆம்ஸ்டர்டாமில் கோபத்துக்கு முதல் எதிரி சைக்கிள். சிவப்பு நிறத்தில் அழகாக ஒரு பாதை தெரிகிறதே என்று கால் வைத்தால், பின்னாலிருந்து மணி அடித்துக்கொண்டு ஒரு பாட்டி நம்மை நோக்கிப் பாய்கிறார். 1885-ல் திறந்த ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தின் வயிற்றுக்குள்ளேயே சைக்கிள் பாதை போகிறது. புதுப்பிப்பதற்காக 2003 முதல் 2013 வரை அந்தப் பிரதான கட்டடம் மூடிக் கிடந்ததை ஊர் பொறுத்துக்கொண்டது. அந்தப் பாதையைக் குறுக்கலாமா என்ற பேச்சு வந்ததும்தான் பொங்கி எழுந்தது. சைக்கிள்காரர்கள் ஜெயித்தார்கள். வாசலிலேயே எனக்கு அந்த நாட்டின் மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. கோபப்பட வந்த இடத்தில் இது நல்ல சகுனம் இல்லை.

டிக்கெட் அப்போது 22.50 யூரோ. நம் கணக்குக்குச் சுமார் இரண்டாயிரம் ரூபாய். 18 வயது வரை இலவசம். எங்களில் மீசை முளைக்காத ஒருவனை முன்னால் தள்ளிப் பார்க்கலாமே என்று ஒரு யோசனை கிளம்பியது. மேடம் திரும்பிப் பார்த்த பார்வையில் அது அங்கேயே அடங்கியது.

ரெம்ப்ராண்டின் ‘இரவுக் காவல்’ முன்னால் திருவிழாக் கூட்டம். 1642-ல் வரைந்த படம். 1715-ல் அதை நகர மண்டபத்துக்குக் கொண்டுபோனபோது, வைக்க நினைத்த சுவரில் அடங்கவில்லை. சுவரை இடிப்பதா, ஓவியத்தை வெட்டுவதா? ஓவியத்தை வெட்டினார்கள், நான்கு பக்கமும். வெட்டிய துண்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. தங்கள் நாட்டின் தலைசிறந்த ஓவியத்தையே இப்படி நடத்தியவர்கள் அடுத்த நாட்டுப் பொருளை எப்படி நடத்தியிருப்பார்கள் என்று மதுரைக்காரன் என் காதில் கிசுகிசுத்தான். சரி, ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன்.

ஆனால் அவனால் ஆரம்பிக்க முடியவில்லை. பட்டுச் சட்டையும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக நிற்கும் ஒரு வணிகரின் படத்துக்கு முன்னால், அங்கே நின்றிருந்த வழிகாட்டி அம்மாவிடம் முதல் கேள்வியை வீசினான். இவ்வளவு பணமும் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? அந்த அம்மா முகம் மலர்ந்து, தெரியுமே, அடிமை வியாபாரம், சர்க்கரை, மிளகு, அபின் என்று விரல் விட்டு எண்ணினார். 2021-ல் இதே அருங்காட்சியகத்தில் அடிமை முறை பற்றிக் கண்காட்சி வைத்தோம், எங்கள் மன்னரே வந்து திறந்துவைத்தார் என்றார். அதே மன்னர் 2023 ஜூலையில் அடிமை முறைக்காக மன்னிப்பும் கேட்டார், பிரதமர் அதற்கு முந்தின டிசம்பரிலேயே கேட்டுவிட்டார் என்றார். மேலும் படிக்க இரண்டு புத்தகங்களைச் சிபாரிசு செய்து, பெயரைத் துண்டுத் தாளில் எழுதியும் கொடுத்தார். மதுரைக்காரன் நீட்டத் தயாராக வைத்திருந்த விரலால் அந்தத் தாளை வாங்கிக்கொண்டான்.

அவனுடைய பிரம்மாஸ்திரம் இன்னும் மிச்சமிருந்தது. கண்டி அரண்மனையைக் கம்பெனிப் படை 1765-ல் சூறையாடியபோது தூக்கிக்கொண்டு வந்த அலங்காரப் பீரங்கி. தங்கம், வெள்ளி, வெண்கலம், மாணிக்கக் கல் எல்லாம் பதித்தது. ரைக்ஸ்மியூசியத்தின் பெருமைகளில் ஒன்றாகப் பல காலம் இருந்தது. அதற்கென்று மூன்று பகுதிகள் கொண்ட கேள்வி வைத்திருந்தான். விசாரித்தால், பீரங்கியையும் அதோடு வந்த வாள், கத்தி, துப்பாக்கிகளையும் 2023 டிசம்பரிலேயே கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிட்டார்கள். “கொடுத்துட்டாங்களா?” என்று அவன் கேட்ட குரலில் மகிழ்ச்சி கொஞ்சமும் இல்லை. “ரெண்டு மூணு மாசம் பொறுத்துக் குடுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?” காலனியத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். மீட்பால் பாதிக்கப்பட்ட ஒருவனை அன்றுதான் பார்த்தேன்.

ஆசியக் கலைக்குத் தண்ணீர் நடுவே தனிக் கட்டடம். உள்ளே எங்கள் நடராஜர் ஆடிக்கொண்டிருந்தார். 12-ஆம் நூற்றாண்டு, ஐந்தடி உயரம், சுமார் 300 கிலோ. ஆசியக் கலை ஆர்வலர்களின் சங்கம் ஒன்று 1935-ல் வாங்கியது. பட்டப் பகலில், ரசீதோடு. கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவதென்று புரியாமல் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

“என்னடி, மாலைகூடப் போடல?”

“மியூசியம்மா.”

“விளக்கு?”

“மேலேர்ந்து லைட் அடிக்குது பாரு.”

“எண்ணெய்க் காப்பு?”

“தூசி தட்டுவாங்கன்னு நினைக்கிறேன்.”

அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “சுத்தமாத்தான் வெச்சிருக்காங்க” என்றாள். நம்ம ஊர்க் கோயில் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். பின்னாலிருந்து பாட்டி எட்டிப் பார்த்து டிக்கெட் விலையைக் கேட்டாள். சொன்னேன். “அப்ப ஸ்பெஷல் தரிசனம்னு சொல்லு. கிட்டக்க போய் நல்லா சேவிச்சுக்கோ.”

இந்த நடராஜர் ஸ்கேன் எடுத்துக்கொண்டவர். சில ஆண்டுகளுக்கு முன் அவரை லாரியில் ஏற்றி, ராட்டர்டாம் துறைமுகத்தில் கன்டெய்னர்களைச் சோதிக்கும் சுங்கத்துறை எக்ஸ்ரேக்குள் லாரியோடு சேர்த்து விட்டிருக்கிறார்கள். உள்ளே கூடு இல்லை, முழுக்கக் கெட்டியாக வார்த்தது, திருவாசிகூட அப்படித்தான் என்று தெரியவந்தது. ஐரோப்பாவில் பெரிய வெண்கலச் சிலைகளைக் கூடாக வார்ப்பதுதான் வழக்கம் என்பதால் அவர்களுக்கு அது பெரிய செய்தி. எங்கள் கூட்டத்துத் தஞ்சாவூர்க்காரன் இதைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். “சுவாமிமலைப் பட்டறையில ஒரு டீ வாங்கிக் குடுத்தா ஸ்தபதியே சொல்லியிருப்பாரே. லாரி வாடகை மிச்சம்.”

அடுத்து ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகம், பிரேசிலில் டச்சுப் பகுதிக்கு 1637 முதல் 1644 வரை ஆளுநராக இருந்த யோஹான் மௌரிட்ஸ் கட்டிய மாளிகை. கரும்பும் அடிமைகளும் கொடுத்த காசு. அங்கேயும் அதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே இருந்த வெர்மீரின் ‘முத்துத் தோட்டுப் பெண்’ ஓவியத்தை 1881-ல் ஓர் ஏலத்தில் இரண்டு கில்டர் முப்பது சென்ட்டுக்கு எடுத்திருக்கிறார்கள். அந்த முத்தின் அளவைப் பார்த்தால் நிஜ முத்தாக இருக்க முடியாது, கண்ணாடியாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இந்தச் செய்தியை வீட்டு வாட்ஸ்அப்பில் போட்டேன். “கவரிங்கா!” என்று சித்தி உடனே பதில் அனுப்பினாள். அந்தப் பயணம் முழுவதிலும் நான் அனுப்பியவற்றில் குடும்பம் முழு மனதோடு வரவேற்ற ஒரே தகவல் அதுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் டச்சுக்காரர்களைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல எனக்குக் கற்பனை போதாது. மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். காலையில் ரொட்டிமேல் வெண்ணெய் தடவி அதன்மேல் சாக்லெட் துகளைத் தூவிக்கொள்கிறார்கள், பெரியவர்களும்கூட. ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் கடல் தாண்டிச் சண்டை போட்ட ஒரு தேசம், கொண்டுவந்ததையெல்லாம் சமையலறைக்குள் விடாமல் வாசலோடு விற்றுவிட்டதோ என்று தோன்றும்.

எங்களைக் காப்பாற்றியது ஹேக்கில் ஒரு சுரினாம் ரொட்டிக் கடை. மெல்லிய பெரிய ரொட்டி, மஞ்சள் போட்ட உருளைக்கிழங்கு, தட்டைப்பயற்றங்காய், அவித்த முட்டை, பக்கத்தில் கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய்ச் சட்னி. முதல் வாயிலேயே பேச்சு நின்றுவிட்டது. கல்லாவில் இருந்த பெரியவர் நாங்கள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து, இந்தியாவா என்று கேட்டார். அவருடைய கொள்ளுத்தாத்தா கல்கத்தாவில் கப்பலேறியவராம். டச்சுக்காரர்கள் சுரினாமில் அடிமை முறையை 1863-ல் ஒழித்தார்கள். ஒழித்த பிறகும் பத்து வருஷம் தோட்டத்திலேயே வேலை பார்க்க வேண்டும் என்று கட்டிப்போட்டார்கள். 1873-ல் அதுவும் முடிந்ததும் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? ‘லல்லா ரூக்’ என்ற கப்பல் சுமார் 400 பேரோடு போய் இறங்கியது. அடுத்த நாற்பது சொச்சம் வருஷத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களின் பேரப்பிள்ளைகள் 1975-ல் சுரினாம் விடுதலை பெற்றதை ஒட்டி இங்கே வந்தார்கள், ரொட்டியோடு. பெரியவர் பேசிய இந்தி எங்களுக்குப் புரியவில்லை. எங்கள் இந்தி அவருக்கு மட்டுமல்ல, யாருக்குமே புரியாது. “இதுதாம்பா இன்னைக்கு வகுப்பு” என்றார் மேடம், இரண்டாவது ரொட்டிக்குக் கை காட்டியபடி.

ஹோர்ன் ஊரில் நல்ல மழை. அங்கே சதுக்கத்தில் யான் பீட்டர்சோன் கூனுக்கு 1893-ல் வைத்த சிலை. ஜாதிக்காய் வியாபாரம் தனக்கே வேண்டும் என்பதற்காக 1621-ல் பண்டா தீவுகளின் மக்களைக் கொன்றும் விரட்டியும் தீவுகளையே காலி செய்தவர். சிலையை எடுக்கச் சொல்லி ஊரில் பெரிய விவாதம். அது நடந்துகொண்டிருக்கும்போதே 2011-ல், வேலைக்கு வந்த ஒரு வண்டி தவறுதலாக இடித்துச் சிலை கீழே விழுந்தது. விழுந்தது விழுந்ததாகவே இருக்கட்டும் என்றார்கள் சிலர். நகராட்சி செப்பனிட்டு மறுபடி ஏற்றி வைத்து, இவர் செய்த கொடுமைகளையும் சொல்லும் ஒரு பலகையைக் கீழே பதித்தது. மதுரைக்காரன் பலகையைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். இங்கேயும் முந்திக்கொண்டார்கள்.

கடைசியாக லெய்டன். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு ஆனைமங்கலச் செப்பேடு தெரிந்திருக்கும். ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விஹாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலக் கிராமத்தின் வருவாயைக் கொடுத்ததைச் சொல்வது. செம்பில் பொறித்து வைத்தவன் மகன் ராஜேந்திரன். நாகப்பட்டினம் டச்சுக்காரர் வசம் இருந்த காலத்தில் கடல் தாண்டி, 1862-ல் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேடம் பல மாதம் முன்பே எழுதி அனுமதி வாங்கியிருந்தார். நீலக் கையுறை போட்ட நூலகர் மெத்தைமேல் கொண்டுவந்து வைத்தார். 21 ஏடுகள், சோழ முத்திரை. மொத்தம் ஏறக்குறைய முப்பது கிலோ. ஐந்து ஏட்டில் சமஸ்கிருதம் அரச வம்சத்தைப் புகழ்ந்து முடித்ததும், மீதிப் பதினாறில் தமிழ் காரியத்துக்கு வருகிறது. எல்லை, வாய்க்கால், வரி, அதிகாரிகளின் கையெழுத்து. அந்தக் காலத்தில் எல்லை குறிக்கப் பெண் யானையை ஊரைச் சுற்றி நடக்கவிடுவார்கள். சர்வேயருக்குக் கொடுக்க வேண்டியது ஒரு கட்டுக் கரும்போடு முடிந்திருக்கும்.

தஞ்சாவூர்க்காரனின் அப்பா பத்திர எழுத்தர். அவன் குனிந்து அந்த வட்ட வட்ட எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே, “மேடம், இது கவிதை இல்ல, ரிஜிஸ்டர் ஆபீஸ் சமாச்சாரம். மூலப் பத்திரத்தை அடுத்தவன் பீரோவுல வெச்சுட்டு நம்ம ஊரு எப்படி நிம்மதியாத் தூங்குது?” என்றான். நூலகர் என்ன சொல்கிறான் என்று ஆவலாகக் கேட்டார். மேடம், மிகவும் வியந்து பாராட்டுகிறான் என்று மொழிபெயர்த்தார்.

அன்று ராத்திரி விடுதியில் எல்லோரும் வீட்டுப்பாடத்தைக் கொடுத்தோம். நான் நடராஜரைப் பற்றி உருகி எழுதியிருந்தேன். மேடம் அதில் ‘பிரபஞ்ச’ என்று தொடங்கிய சொற்களையெல்லாம் அடித்துவிட்டார். தஞ்சாவூர்க்காரன் தாள் இப்படி இருந்தது:

“ஆனைமங்கலம் கிராம மூலப் பத்திரம். செம்பு, 21 ஏடு. எழுதிக் கொடுத்தவர்: ராஜராஜன். எழுதி வாங்கியவர்: சூடாமணி விஹாரம், நாகப்பட்டினம். நான்கெல்லை: உள்ளே கண்டபடி. தற்சமயம் அனுபவத்தில் வைத்திருப்பவர்: லெய்டன் பல்கலைக்கழகம், 1862 முதல். எந்தப் பத்திரத்தின்பேரில்: காட்டப்படவில்லை. வில்லங்கம்: உண்டு.”

மேடம் இரண்டு முறை படித்துவிட்டுப் பத்துக்கு ஒன்பது போட்டார். ஒன்று எதற்குக் குறைந்தது என்று அவன் கேட்டான்.

“சாட்சி கையெழுத்து இல்லையே.”

மதுரைக்காரன் சட்டென்று பேனாவை உருவி, தாளை இழுத்து, அடியில் கையெழுத்துப் போட்டான். தகப்பனார் பெயர், வயது, கதவு எண் எல்லாம் எழுதினான்.