பதினைந்து இஞ்ச் ஆசை

டாப் மாடலுக்குப் பணம் போதாமல் நடு மாடல் காரோடு வீடு திரும்பியவர்களில் ஒரு வகை உண்டு. பின்பக்கக் கேமரா இல்லையே, புஷ் பட்டன் இல்லையே என்ற வருத்தமெல்லாம் முதல் சர்வீஸுக்குள் ஆறிவிடும். ஆறாதது அலாய் வீல். எங்கள் குடியிருப்பில் அப்படி ஒருவர் இருக்கிறார். உங்கள் தெருவிலும் இருப்பார். வாட்ச்மேன் முதல் எல்லோருக்கும் அவர் அலாய் அண்ணன்.

அண்ணனுடையது செகண்ட் ஹாண்ட் ஸ்விஃப்ட், வி.எக்ஸ்.ஐ. கறுப்பு இரும்பு ரிம், அதன்மேல் வெள்ளி நிற பிளாஸ்டிக் வீல் கப். அதில் ஒன்று வேகத்தடையில் கழன்று, வண்டியை முந்திக்கொண்டு போய்ச் சாக்கடையில் விழுந்துவிட்டது. மிச்சம் மூன்றையும் கேபிள் டை போட்டு ரிம்மோடு இறுக்கிவிட்டார். டையின் வால் நறுக்கப்படாமல் பூனை மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கப் இல்லாத சக்கரம் எப்போதும் சுவர்ப் பக்கம் இருக்கும்படிதான் வண்டியை நிறுத்துவார். அதற்காகவே ரிவர்ஸில் வந்து, முன்னே போய், மறுபடி ரிவர்ஸில் வருவார்.

பட்ஜெட் 15,000 ரூபாய். போனஸில் வீட்டுக்காரம்மா ஒதுக்கிக் கொடுத்தது.

"ஏங்க, இப்ப இருக்கிற சக்கரம் உருண்டையாத்தானே இருக்கு? ஓடத்தானே செய்யுது?" என்று கேட்டார் அந்த அம்மா. நியாயமான கேள்வி. அண்ணன் ஒரு விநாடி திணறி, "மைலேஜ் கூடும்" என்றார். கூடாது. அகல டயர் போட்டால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். விலை மலிவான வார்ப்பு அலாய் பல சமயம் இரும்பு ரிம்மைவிட எடை குறைவாகக்கூட இருப்பதில்லை. ஆனால் கணவன்மார்கள் வண்டி விஷயத்தில் மைலேஜ் என்று சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது.

அன்றிலிருந்து அண்ணனுக்கு மனிதர்களின் முகம் மறந்துபோயிற்று. சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டியின் சக்கரத்தைத்தான் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் பார்க்கிங்கில் குனிந்து குனிந்து நடப்பார். எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து, வந்தவர்களில் இரண்டு பேர் சேர்ந்து தேடியதும் உண்டு.

"ஸ்விஃப்டுக்கு நாலு நட்டு, பி.சி.டி. நூறு, நடு ஓட்டை 54.1. ஹோண்டா சிட்டிக்கும் நாலு நட்டு, நூறுதான். ஆனா நடு ஓட்டை 56.1. ரிங் போட்டா கச்சிதமா உட்கார்ந்துடும்" என்று சாப்பாட்டு மேசையில் ஒப்பிப்பார். நட்டுத் துளைகளின் மையங்களைத் தொட்டு ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம்தான் பி.சி.டி. அதுவும் நடு ஓட்டையும் பொருந்தினால் போதாது. ரிம் உள்ளே எவ்வளவு போகும், வெளியே எவ்வளவு துருத்தும் என்கிற ஆஃப்செட்டும் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் டயர் ஃபெண்டரை உரசும்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ ஜாதகத்தைக்கூட உங்க வீட்டுல இவ்வளவு புரட்டலை" என்றார் அந்த அம்மா, ரசம் ஊற்றிக்கொண்டே.

கணக்கில் அண்ணன் கெட்டி. கம்பெனி கொடுத்த 165/80 ஆர்14 டயரின் மொத்த உயரம் 619.6 மில்லிமீட்டர். 185/65 ஆர்15 போட்டால் 621.5. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. அவர் வண்டியின் டாப் மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த அளவும் அதுதான். மூளை பதினைந்து இஞ்சில் நிற்கிறது, மனசு மட்டும் பதினேழில். 205/45 ஆர்17 போட்டாலும் உயரம் கிட்டத்தட்ட அதேதான், 616 வரும். ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இப்போது இருக்கிற 132 மில்லிமீட்டர் ரப்பர் 92 ஆகிவிடும். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி மூடிய சென்னை ரோட்டில் அது எத்தனை நாள் தாங்கும் என்பது அவருக்கும் தெரியும். இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். அலாய் விரிசல் விட்டால் விட்டதுதான்.

முதலில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனார். கண்ணாடிக் கடை, சுவர் முழுக்க ரிம், அத்தனைக்கும் விளக்கு. எல்லாவற்றுக்கும் விலை கேட்டுவிட்டு, "ஃப்ரெண்டுக்காகக் கேட்டேன்" என்று வெளியே வந்தார். அப்புறம் பழைய உதிரிபாகம் விற்கிற புதுப்பேட்டை.

"கம்பெனி பீஸ்ணே. புது வண்டியிலேர்ந்து கழட்டினது."

"பெண்டு ஏதாச்சும்?"

"பெண்டா? டாக்டர் ஓட்டின வண்டிண்ணே!"

புதுப்பேட்டையில் தொங்குகிற ரிம் எல்லாமே டாக்டர் ஓட்டியதுதான். இத்தனை வண்டி ஓட்டிவிட்டு இவர்கள் எப்போது வைத்தியம் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

அண்ணன் ரிம்மைக் குப்புறப் போட்டார். கூடப் போய் வேடிக்கை பார்த்த எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பாலிஷ் போட்டுவிடலாம். கதை பின்பக்கம் இருக்கிறது. உள் விளிம்பை நகத்தால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். ஓரிடத்தில் நகம் தட்டியது. அங்கே மட்டும் பெயின்ட் புதுசு. வெல்டிங். அதை ஓரம் கட்டினார். இன்னொன்றில் பேலன்ஸிங் எடைக்கட்டிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அவ்வளவு கட்டி கேட்கிற ரிம் நேராக இருக்க வாய்ப்பு குறைவு. அதுவும் ஓரம் போயிற்று. மூன்றாவதில் ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பான் முத்திரையைக் கண்டு முகம் மலர்ந்தார். அது தயாரித்தவர் தானே போட்டுக்கொள்ளும் முத்திரை; பக்கத்தில் வி.ஐ.ஏ. என்றும் இருந்தால்தான் வெளியாள் சோதித்தது என்று அர்த்தம். வார்ப்பில் எழுத்தை யாரும் சேர்க்கலாம் என்பது வேறு விஷயம். சாயங்காலம் வரை புரட்டி, நாலு நல்ல ரிம் தேற்றி, பேரம் பேசி, சரியாக 15,000-க்கு முடித்தார்.

இனிமேல்தான் விஷயம். பதினாலு இஞ்ச் டயர் பதினைந்து இஞ்ச் ரிம்மில் ஏறாது. இது அண்ணனுக்குத் தெரியாததல்ல. வீட்டுக்குத்தான் தெரியாது.

நாலு ரிம்மும் அடுத்த போனஸ் வரை கட்டிலுக்கடியில் கிடந்தன. பிறகு பழைய டயர் வேட்டை. பக்கச் சுவரில் நாலு இலக்கம் பார்க்க வேண்டும்: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. கடைக்காரர் அது சீரியல் நம்பர் என்று சாதிப்பார். டயர் முடிந்ததும் நட்டு. இரும்பு ரிம்மின் நட்டு அலாயின் குழிக்குள் போகவில்லை. கடைப் பையன் ஹூண்டாய் நட்டு ஒன்றை எடுத்துத் துப்பாக்கியை வைத்து அழுத்தினான். சுசுகிக்கு மரையின் இடைவெளி 1.25 மில்லிமீட்டர், ஹூண்டாய்க்கும் ஹோண்டாவுக்கும் 1.5. நட்டு ஏறுகிற ஸ்டட் ஒன்று செத்தது. வால்வு, பேலன்ஸிங், அலைன்மென்ட் என்று சில்லறைச் செலவுகள் தனி.

திருட்டுப் பயத்தில் லாக் நட்டும் வாங்கினார். அதன் சாவியைப் பத்திரமாகப் பூஜை அலமாரியில் வைத்தார். திண்டிவனம் தாண்டிப் பஞ்சரானபோதும் அது அங்கேயேதான் பத்திரமாக இருந்தது.

இவ்வளவும் செய்து மாட்டிய சக்கரத்தை ஓட்டுகிறவர் பார்க்க முடியாது. ஊரில் மற்ற எல்லோருக்கும் தெரியும். அதனால் அண்ணன் தி.நகர் ஜவுளிக் கடைகளின் கண்ணாடியோரமாக மெதுவாகப் போகிறார். உள்ளே பொம்மைகளுக்குக் கட்டிய பட்டுப்புடவையை ரசிக்கிறார் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டிருப்பது இந்த முதலீட்டில் கிடைத்த ஒரே லாபம்.

கையில் பதினைந்தாயிரமும் மனசில் அலாயும் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியின் அதே வரிசை டாப் மாடலிலிருந்து கழற்றிய கம்பெனி அலாயை, முடிந்தால் டயரோடு, தேடுங்கள். பொருத்தம் பார்க்கிற வேலையே மிச்சம். அகப்படாவிட்டால் இரும்பு ரிம்மைத் தேய்த்துச் சாம்பல் நிற ஸ்ப்ரே அடியுங்கள், பத்தடி தள்ளி நின்றால் நன்றாகவே இருக்கும். எதை மாட்டினாலும், நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை ஓரங்கட்டி நட்டுகளை இன்னொரு முறை முடுக்கிவிடுங்கள்.