குழியிலிருந்து குழிக்கு

நெய்வேலியில் எங்கள் வீட்டைப் 'பட்டுக்காரர் வீடு' என்பார்கள். வீட்டில் தறியும் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி பட்டும் கிடையாது. பரம்பரைச் சொத்தாக மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: ஊரில் யார் எந்தச் சேலை கட்டினாலும் அதில் குற்றம் கண்டுபிடிக்கும் உரிமை. அதை மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பூர்வீகம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். கூடத்தில் குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் தாத்தாவுக்குப் பொழுது விடிவதும் சாய்வதும் அங்கேதான். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. ஒருவர் கைக்கு அது ஆகாத வேலை. பக்கத்தில் ஒரு பொடியன் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிவிட வேண்டும். அந்தப் பொடியன்தான் எங்கள் அப்பா. அவர் கண் அசந்தால் கரை விட்டுப்போகும். கரை விட்டுப்போனால் முதுகில் விழும்.

இந்தக் குழியே வேண்டாம் என்று வளர்ந்ததும் ஓடினாரே, அவர் ஓடிப்போன இடம்தான் வேடிக்கை. 1956-ல் நெய்வேலியில் நிலக்கரிக் கழகம் தொடங்கினார்கள். மறுவருஷம் மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால் அப்பா வேலைக்குச் சேர்ந்தார். மூன்றடிக் குழிக்குப் பயந்து ஓடிய மனிதர், கண்ணுக்கெட்டிய தூரம்வரை குழியாகவே இருக்கிற ஊருக்கு வந்து சேர்ந்தார்.

பிள்ளை அப்படி என்ன உத்தியோகம் பார்க்கிறான் என்று நேரில் பார்க்கத் தாத்தா ஒருமுறை வந்திருந்தார். அப்பா அவரைச் சுரங்கத்தின் விளிம்பில் நிறுத்தி, கீழே மண்ணை வாரிக்கொண்டிருந்த பக்கெட் வீல் எந்திரத்தைப் பெருமையோடு காட்டினார். தாத்தா வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எத்தினி தறி போடலாம்டா இதுல?"

பிறகு, தண்ணீர் எதற்கு இறைக்கிறார்கள் என்று விசாரித்தார். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது, ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வெட்ட முடியும் என்று அப்பா விளக்கினார். தாத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் தறிக்குழியில் தண்ணீர் ஊறி, நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் ஈரம் கோத்து, வேலை நின்று கடன் வாங்கியவர் அவர். "கவர்மெண்டு குழிக்கும் இதே கதிதானா!" என்று நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அப்பாவுக்குக் கிடைத்தது கன்வேயர் பெல்ட் பிரிவு. பெல்ட்டுக்குள் நீளவாக்கில் எஃகுக் கம்பிகள் வரிசையாக ஓடும். மேலும் கீழும் ரப்பர். இரண்டு துண்டை இணைக்க வேண்டுமானால், முனையில் ரப்பரைச் சீவிக் கம்பிகளை வெளியே எடுத்து, இந்தத் துண்டின் கம்பிக்கு நடுவே அந்தத் துண்டின் கம்பியாக அடுக்கி, ரப்பர் வைத்துச் சூட்டில் அழுத்த வேண்டும். மற்றவர்களுக்கு அது பெல்ட் ஜாயின்ட். அப்பாவுக்கு அது முந்தி சேர்க்கும் வேலை. காஞ்சிபுரத்தில் முந்தி வேறு நிறமென்றால், புது நிறப் பாவு இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் நெசவைத் தொடர்வார்கள். டூட்டி முடிந்து கையெல்லாம் ரப்பர் பிசினோடு வந்து சொல்வார்: "வெறும் பாவுதான்டா, ஊடையே இல்ல. இதையெல்லாம் நெசவுன்னு சொல்ல முடியாது." அதை நெசவு என்று யாரும் சொல்லவில்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல எங்களுக்குத் தைரியம் வந்ததில்லை.

ரிட்டையர் ஆகும் சமயத்தில், குவார்ட்டர்ஸ் கூடத்தில் ஒரு தறி போட்டால் என்ன என்று அவருக்கு ஆசை வந்தது. குழித்தறிக்குத் தரையைத் தோண்ட வேண்டும். சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கே நாலு நாள் யோசிக்கும் மனிதர் அவர். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவைத்தாள்: "தோண்டும்போது அடியில கரி தெரிஞ்சா நம்மளையும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

ஆக, தொழில் கையை விட்டு வாய்க்குக் குடிவந்தது. இதில் முதல் மார்க் அத்தைக்கு. டவுன்ஷிப் கல்யாணங்களில் அட்சதை போடும் சாக்கில் மணப்பெண்ணின் கொசுவத்தைப் பிடித்து உட்பக்கம் திருப்பிவிடுவாள். கரையும் உடலும் சேரும் இடம் விரலுக்கு லேசாகத் தட்டுப்பட்டால் கோர்வை. வழுவழுவென்று ஓடினால் உதட்டைப் பிதுக்குவாள். அடுத்தது சரிகை. சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிய வேண்டும். கடைசிப் பரீட்சை நெருப்பு: ஓர் இழையைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வந்தால் பட்டு, உருகி உருண்டால் பாலியெஸ்டர். கல்யாண வீட்டில் ஓமகுண்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அத்தைக்கு மிகவும் வசதி. 2004-ல் சில்க் மார்க் வந்தது. 2005-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டுக்கும் அத்தை இன்னும் ஒப்புதல் தரவில்லை.

நெய்வேலிக்காரர்களுக்குக் காஞ்சியைவிடக் கும்பகோணம் கிட்டே. அணைக்கரை வழியாகப் போய்த் திருபுவனத்தில் பட்டு எடுத்துவந்து அத்தையிடம் காட்டுவார்கள். நெசவில் குறை கண்டுபிடிக்க முடியாத நாளில் திருபுவனத்தின் பேர்பெற்ற விசிறி மடிப்பைப் பிடித்துக்கொள்வாள். "கட்டிக்கவா, காத்து வாங்கவா?"

இத்தனை அதிகாரம் பண்ணும் வம்சத்தில் பட்டு உடுத்தியது யார் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். எங்கள் ஆயா ஆயுசு முழுக்க, நாடாவுக்குள் வைக்கும் பட்டுத் தார் சுற்றினாள், கட்டியதெல்லாம் நூல்சேலை. பட்டையும் சரிகையையும் முதலாளி எடைபோட்டுக் கொடுப்பார். சேலையானதும் எடைபோட்டு வாங்கிக்கொள்வார். குறைந்தால் கூலியில் பிடித்தம். 'காஞ்சிவரம்' படத்தில், மகள் கல்யாணச் சேலைக்காக நெசவாளி பிரகாஷ்ராஜ் பட்டிழையை வாயில் ஒளித்து எடுத்துவருவார். அதைப் பார்த்து வீடே தேம்பி அழுதது. அத்தை மட்டும், "எச்சில்ல நனைஞ்ச இழை சிக்காயிடுமே, அத வெச்சு எப்பிடி நெய்வான்?" என்றாள்.

போன தீபாவளிக்கு என் மகள் சென்னையில் ஒரு பட்டுச்சேலை வாங்கி, குடும்ப வாட்ஸப் குரூப்பில் படம் போட்டாள். தீர்ப்புகள் வந்து குவிந்தன: கோர்வை இல்லை, மயில்கண் சரியாக விழவில்லை, சரிகை வெளுப்பு. அவள் பொறுமையிழந்து எழுதினாள்: "இங்க யாருக்காவது நெய்யத் தெரியுமா?"

குரூப் கப்சிப். அரைமணி நேரம் கழித்து அத்தையிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்:

"எனக்குத் தார் சுத்தத்தான் தெரியும் கண்ணு. ஆனா உன்ன ஏமாத்திட்டானுங்க, அது நல்லாத் தெரியும்."