படியேறி வந்து ஊக்கம் பெறவும்

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் புகழாத தலைவர் கிடையாது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர்கூட நம் ஊர்க் கல்வெட்டைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார். பராந்தக சோழன், குடவோலை, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மக்களாட்சி. கேட்டுக் கேட்டு நமக்கே மனப்பாடம். அதே கல்லில் இன்னொரு விதியும் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவன் உறவினனும் நிற்கக் கூடாது. இந்த விதி எந்த மேடையிலும் வராது. வந்தால் மேடையில் ஆள் மிஞ்சாது.

நாம் எல்லாக் கணக்கையும் கேட்கவில்லை. ஒரே ஒரு கணக்கு. மாற்றுத்திறனாளிகள் கணக்கு.

2016-ல் அவர்கள் உரிமைக்குச் சட்டம் வந்தது. 2017 ஜூனில் விதிகள் வந்தன. பழைய அரசுக் கட்டடங்களில் எல்லோரும் நுழையும்படி வசதி செய்ய ஐந்து ஆண்டு அவகாசம். 2022 ஜூனில் அது தீர்ந்தது. சாய்தளம் வந்ததோ இல்லையோ, டிசம்பர் 3 மட்டும் தவறாமல் வருகிறது. ஐ.நா. அறிவித்த மாற்றுத்திறனாளிகள் நாள். பந்தல், பொன்னாடை, மூன்றுசக்கர வண்டியோடு ஒரு போட்டோ. பிறகு தன்னம்பிக்கைப் பேச்சாளர். 'தடைகளைப் படிக்கட்டுகளாக்கு' என்பார். சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் படிக்கட்டு. கைதட்டல் கூரையைப் பிளக்கும்.

ஏன் இந்தப் பேச்சுகள்மேல் அரசுக்கு இத்தனை ஆசை? மலிவு. சாய்தளத்துக்குச் சிமென்ட் வேண்டும், டெண்டர் வேண்டும், தணிக்கை வரும். பேச்சுக்கு ஒரு மைக் போதும். இன்னொரு லாபமும் உண்டு. படி கட்டியவன் குற்றவாளி என்ற பேச்சே எழாது. ஏற முடியாதவனுக்கு மனஉறுதி போதவில்லை என்று வழக்கு முடிந்துவிடும்.

பக்கத்துத் திருவண்ணாமலையின் பிரீத்தி ஸ்ரீனிவாசனைப் பாருங்கள். தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட மகளிர் கிரிக்கெட் அணித் தலைவி. 1998-ல் கடலில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. பின்னாளில் தன்னைப்போல் முதுகுத்தண்டு காயமடைந்தவர்களுக்காக 'சோல்ஃப்ரீ' அமைப்பைத் தொடங்கினார். நாடெங்கும் பேச அழைக்கிறார்கள். அழைக்கட்டும், தகுதியானவர். ஆனால் அவர் படிக்க விண்ணப்பித்தபோது இதே நாடு என்ன சொன்னது? சாய்தளம் இல்லை, லிஃப்ட் இல்லை, சேர வேண்டாம். அதுவும் அஞ்சல்வழிப் படிப்புக்கு! வீட்டுக்கே வரும் பாடத்துக்கும் நடுவில் ஒரு படிக்கட்டைக் கட்டிவைத்த மேதைகள் நாம். அவர் வென்றது விபத்தை மட்டுமல்ல, நம்மையும். பாராட்டுரையில் அந்தப் பாதி மட்டும் காணாமல் போகும்.

இந்த ஊக்கப் பேச்சு வியாபாரம் எங்கே போய் முடியும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 ஆகஸ்ட், சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. மாணவிகளுக்கு ஊக்கமூட்ட வந்த மகாவிஷ்ணு என்பவர், உடற்குறையோடு பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் பலன் என்று பேசினார். அரசுப் பள்ளியில், அரசு மின்சாரத்தில், அரசு மைக்கில். எதிர்த்துக் கேட்டவர் பார்வையற்ற தமிழாசிரியர் சங்கர். அவரிடமே வாக்குவாதத்துக்குப் போனார் ஊக்கக்காரர். காணொளி பரவியது. பிறகுதான் அரசாங்கத்துக்குக் கண் திறந்தது. அமைச்சர் வந்து ஆசிரியரைப் பாராட்டினார். தலைமை ஆசிரியை மாற்றப்பட்டார். செப்டம்பர் 7-ல் பேச்சாளர் கைது. பேச்சு நடந்த அன்று அந்தப் பள்ளியில் கேட்ட ஒரே ஊக்க உரை, அழைப்பிதழில் பெயரில்லாத ஆசிரியருடையது.

நம் அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். மெரினாவில் சக்கர நாற்காலி கடல்வரை போக 1.14 கோடி ரூபாயில் மரப்பாதை போட்டார்கள். 2022 நவம்பர் 27-ல் திறப்பு விழா. இரண்டு வாரம் முடிவதற்குள் மாண்டஸ் புயலில் சிதைந்தது. புயல் கடற்கரைக்கு வரும் என்று பாவம், பொறியாளருக்கு யார் சொல்வது? பழுதுபார்த்தார்கள், சரி. ஆனால் அதுவும் சென்னைக்குத்தான். உத்திரமேரூர்க்காரருக்குக் காஞ்சிபுரம் பேருந்தின் முதல் படியே இமயமலை.

காசுக் கணக்கும் பார்ப்போம். கடும் ஊனமுற்ற ஏழைக்கு ஒன்றிய அரசின் ஓய்வூதியப் பங்கு மாதம் 300 ரூபாய். 2012-ல் வைத்த தொகை. 2024 ஜூலையில் ஆந்திரம் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 6,000 ஆக்கியபோது, இங்கே கடும் பாதிப்புள்ளவருக்கே 2,000. மீதி 4,000-க்குத் தன்னம்பிக்கை வழங்கப்படுகிறது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சலித்துப்போனது. அணுகல் வசதிக்கான விதியில் கட்டாயமே இல்லை, வெறும் பரிந்துரைதான் இருக்கிறது என்று சொல்லி அதை ரத்து செய்தது. மூன்று மாதத்தில் கட்டாய விதிகளைக் கொண்டுவா என்றது. சட்டம் போட்ட அரசே அதைப் புத்திமதியாக்கி வைத்திருந்தது. நாட்டின் மிகப் பெரிய தன்னம்பிக்கைப் பேச்சாளர் யாரென்று இப்போது தெரிகிறதா?

2025 ஏப்ரலில் சட்டமன்றம் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கத் திருத்தம் நிறைவேற்றியது. நல்ல திருத்தம். நியமன ஆணை கையில் இருக்கும். ஊராட்சி அலுவலக வாசலில் மூன்று படியும் இருக்கும். உறுப்பினரைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்பார்கள். அதையும் போட்டோ எடுத்து, மனிதநேயம் என்று தலைப்புப் போடுவார்கள்.

ஆகவே ஒரு கோரிக்கை. தன்னம்பிக்கைப் பேச்சாளர்களை இனி மாற்றுத்திறனாளிகளிடம் அனுப்பாதீர்கள். அவர்களிடம் அது தேவைக்கு மேல் இருக்கிறது. நேராகக் கோப்பு கிடக்கும் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். சட்டம் வந்த நாள் முதல் மனம் தளர்ந்து கிடப்பவர் அங்கேதான் இருக்கிறார். 'உங்களால் முடியும் சார். பத்து மூட்டை சிமென்ட், ஒரு கையெழுத்து. முயன்று பாருங்கள்' என்று சொல்லுங்கள். அவர் அந்தக் கையெழுத்தைப் போடும் நாளில் பொன்னாடையை நாங்களே வாங்கி வருகிறோம்.