கடல் கடந்த கல்

எங்கள் காஞ்சிபுரத்தில் பெரிய மனிதர் என்று ஒரு வகை உண்டு. பட்டு வியாபாரம், இரண்டு கல்யாண மண்டபம், ஏதாவது ஓர் உற்சவத்தில் மண்டகப்படி. வயிற்றெரிச்சலில் ஊரார் இவர்களைக் குறை சொல்வார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. சிறுநீரகத்தில் ஆறு மில்லிமீட்டர் கல் என்று ஸ்கேன் சொன்ன மறுவாரமே, அதைக் காட்டிவிட்டு வர மியூனிக்குக்கும் லண்டனுக்கும் விமானம் ஏறுகிற பெருமனத்தைக் கைகூப்பி வணங்குகிறேன். ஒருவரைப் புகழ்ந்தால் இன்னொருவர் கோபித்துக்கொள்வார் என்பதால் அத்தனை பேரையும் ஒரே முதலாளியாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலாளியின் பூகோள சாமர்த்தியத்தை முதலில் சொல்ல வேண்டும். ஊருக்குக் கிழக்கே எழுபத்தைந்து கிலோமீட்டரில் சென்னை. வங்கதேசம், மாலத்தீவு, ஓமான் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும் இடம். மேற்கே ஏறக்குறைய அதே தூரத்தில் வேலூர். இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை முதன்முதலாக வெற்றி பெற்றது 1971-இல் அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில்தான். இப்படி இரண்டு பக்கமும் வழிமறிக்கிற ஆஸ்பத்திரிகளின் கண்ணில் படாமல் தன் கல்லைப் பத்திரமாக மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாராலும் ஆகிற காரியமா? ஓமான்காரர் வைத்தியத்துக்கு இங்கே வருகிறார், நம்மவர் ஐரோப்பா போகிறார். கடன் வைக்காத ஊர் என்று பெயர் எடுத்துவிட்டோம்.

முன்னோடிகள் இல்லாமலும் இல்லை. இதே ஊரில் பிறந்த அண்ணா 1968-இல் நியூயார்க் போனார், உணவுக்குழாயில் புற்றுநோய். எம்.ஜி.ஆர். 1984-இல் புரூக்ளின் போனார். செயலிழந்த சிறுநீரகத்துக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு வந்தார். அடுத்தபடியாக நம் முதலாளி; ஆறு மில்லிமீட்டர். மூவரையும் ஒரே வரியில் எழுத வரலாறு தயங்கலாம். மண்டப வாசலில் வைத்த ஃபிளெக்ஸ் தயங்கவில்லை. அண்ணா பெயரில் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. முதலாளி பெயரில் என்ன வரும் என்று ஊர் காத்திருக்கிறது.

துணிச்சலையும் சொல்லாமல் விடக் கூடாது. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் இருபது சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். பத்து மணி நேரம் அதில் உட்கார்ந்தால் உடம்பு வற்றும், சிறுநீர் கெட்டியாகும். கல்லுக்கு இதைவிட உபசாரம் வேறு இல்லை. நடுவானில் வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்று, அமெரிக்காவில் சிறுநீரகக் கல் உள்ள விமானியை மருத்துவ அனுமதி கிடைக்கும்வரை விமானம் ஓட்ட விடமாட்டார்கள். பின்னால் உட்காரும் பயணிக்கு அந்தத் தடை கிடையாது. முதலாளி அதைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார்.

மியூனிக்கின் பெருமை பெரியதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன சேதம் வருகிறது என்று ஆராயப் போனது டோர்னியர் என்ற விமானக் கம்பெனி. அங்கே பிடிபட்ட அதிர்வலையை வைத்து, உடம்பைக் கிழிக்காமல் உள்ளிருக்கும் கல்லை உடைக்கலாம் என்று வழி கண்டார்கள். கிறிஸ்டியன் ஷௌசி என்ற மருத்துவரும் அவர் கூட்டத்தாரும் 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக்கில் முதல் மனிதருக்கு அதைச் செய்தார்கள். தொடக்க கால இயந்திரங்களில் நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கித்தான் அலையைச் செலுத்தினார்கள். இப்போது தொட்டியே தேவைப்படாத இயந்திரங்கள் சென்னையிலும் வேலூரிலும் மதுரையிலும் வேலை செய்கின்றன. உள்ளே போய்க் கல்லைப் பொடியாக்கும் லேசரும் அப்படியே. ஆனாலும் மூலஸ்தானத்துக்கே போய்ச் சேவித்தால்தான் முதலாளிக்குத் திருப்தி.

லண்டனில் கிடைத்த மரியாதை வேறு விதம். அங்கே குடியிராத வெளிநாட்டவர் அரசு மருத்துவமனைக்குப் போனால் வழக்கமான விலையில் 150 சதவீதம் வாங்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் விதி. முதலாளி போனது தனியார் கிளினிக்; அங்கே விதியும் கிடையாது, வரம்பும் கிடையாது. சேலைக் கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்க மூன்று மணி நேரம் பேசக்கூடிய மனிதர், அங்கே வாய் திறக்காமல் கார்டை நீட்டினார். எங்கே பேரம் பேசலாம், எங்கே பேசக் கூடாது என்று தெரிந்த நாகரிகம் அது. ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், சி.டி. எடுத்தார்கள். அதே கல், அதே இடம், அதே ஆறு மில்லிமீட்டர். நம்மூர் ஸ்கேன் சென்டர் அளந்தது சரிதான் என்று லண்டன் சான்று கொடுத்த வகையில் ஊருக்கும் ஒரு கௌரவம். இரண்டு நாளில் கல் சிறுநீர்க்குழாய்க்கு இறங்கி, ஹோட்டல் கழிவறையில் தானாகவே விழுந்துவிட்டது. அந்த அளவுக் கல் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தானாகவே விழும், காஞ்சிபுரத்திலும் விழுந்திருக்கும். ஆனால் இங்கே விழுந்தால் யார் மதிப்பார்கள்?

விழுந்த கல்லைப் பரிசோதித்து, கால்சியம் ஆக்சலேட் என்றார் நிபுணர். உலகத்தில் அதிகம் பேருக்கு வருகிற ரகம். முதலாளிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். பிறகு ஆலோசனை. உப்பைக் குறையுங்கள், பாலை நிறுத்த வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். இத்தாலியின் பார்மா நகரத்து மருத்துவர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல் வந்த 199 பேரில் ஒரு பாதியை, நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வைத்து ஐந்து ஆண்டு பார்த்தார்கள். அவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி கல் வந்தது. மற்றவர்களில் 27 சதவீதம். இதையே பிள்ளையார்பாளையத்துப் பாட்டி சொன்னால் அது வைத்தியம் ஆகாது. போகியன்று காப்புக் கட்டுகிற சிறுபீளையைக் கல்லடைப்புக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தவள் அவள். அது கல்லைக் கரைத்ததோ இல்லையோ, கஷாயம் என்ற பெயரில் ஒரு செம்புத் தண்ணீராவது உள்ளே போயிற்று.

நீரின் அருமை தெரியாத ஊருமல்ல இது. அத்தி வரதரை நாற்பது ஆண்டு அனந்தசரஸ் குளத்தடியில் வைத்திருந்து, 2019-இல் 48 நாள் எழுந்தருளச் செய்து, மறுபடி நீருக்குள்ளேயே சேர்த்த ஊர். தறியில் உட்கார்ந்தவன் தாகம் மட்டும் யார் கணக்கிலும் வருவதில்லை. குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்தவர் எழுந்திருக்க யோசிப்பார். கூலி சேலைக் கணக்கு, மணிக் கணக்கு இல்லை. கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒன்றும் கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடா, கூட ஒரு துணை ஆள். ஒருவர் எழுந்தால் இருவர் வேலை நிற்கும். எனவே தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதும் தொழிலோடு சேர்ந்து கற்றுக்கொள்கிற வித்தை. சித்திரை வெயிலில் வியர்வையாகப் போனது போக மிச்சம்தான் சிறுநீர். முதலாளிக்கு வந்த கல் ஏ.சி. அறையில் தற்செயலாக வந்தது. தறிக்காரருக்கு வருவது சுத்தமான கைநெசவு. நடுராத்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அரசு தலைமை மருத்துவமனைக்கு ஓடி, வலி ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் தறி ஓடாமல் கூலியையும் விடுகிறவர்களுக்கு, விமானத்தில் பத்து மணி நேரம் முழங்கால் மடக்கி உட்காரும் துன்பத்தை முதலாளி ஒருபோதும் கொடுத்ததில்லை. அவர் கருணைக்கு இது ஒன்றே போதும்.

லண்டன் ஞானத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவும் இல்லை. வந்த மறுநாளே தறிக்கூடத்துக்கு வந்தார். "எல்லாரும் தண்ணி நெறய குடிங்கப்பா. அங்க பெரிய டாக்டரே சொல்லிட்டாரு."

"குடிச்சா எந்திரிக்கணுமே மொதலாளி," என்றார் பாவு பிணைத்துக்கொண்டிருந்த பெரியவர். "இருக்கிற ஒரு கக்கூசும் கதவு ஒடஞ்சு கெடக்கு."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று முதலாளி மலர்ந்த முகத்தோடு காரில் ஏறினார்.

ஒரு தடவை கல் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுக்குள் மறுபடி வருமாம். முதலாளிக்கு வர வேண்டாம். வந்தாலும் கவலை இல்லை, அமெரிக்காவே போய் வரலாம். இந்தத் தீபாவளிக்கும் கூலி உயர்வைத் தள்ளிவைத்திருக்கிறார். டிக்கெட்டுக்குப் பணம் குறையாது.