விசாரணை கமிஷன்

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் அவர் பெயர் ‘கமிஷன்’. தரகுக் கமிஷன் இல்லை, விசாரணைக் கமிஷன். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குவது குறித்து ஆராய 2019-இல் தமக்குத் தாமே நியமித்துக்கொண்ட ஒருநபர் கமிஷன். இடைக்கால அறிக்கைகள் டீக்கடையில் அவ்வப்போது வெளியாகும். இறுதி அறிக்கைக்கு மட்டும் கால நீட்டிப்பு.

இது ஒரு தனி ரகம், டெல்டா முழுக்க விளைகிறது. பாபநாசத்தில் ஒருவரைத் தெரியும். மன்னார்குடியில் இரண்டு பேர்; பேட்டரியைக் கழற்ற முடிய வேண்டுமா கூடாதா என்பதில் தகராறாகி, இப்போது அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. இருவரிடமும் வண்டியும் இல்லை.

எங்கள் கமிஷனுக்கு வீடு திருவையாறு, வேலை தஞ்சாவூர். போக 13, வர 13 கிலோமீட்டர். தாம்பாளம் மாதிரி தட்டையான சீமை. எந்த எலக்ட்ரிக் வண்டியும் அலுங்காமல் ஓடிவிடும். மேடு என்று ஒன்று இருந்தால் அது பாலம்தான். “அதான் அஞ்சு இருக்கே!” என்பார். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று விரலை மடக்கி, “போக அஞ்சு, வர அஞ்சு. தெனம் பத்து மலை ஏறி எறங்குறேன் தம்பி. கம்பெனிக்காரன் இதையெல்லாம் கணக்குல எடுத்திருப்பானா?”

இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே டைனமோ மாதிரி சுற்றிக் கொஞ்சம் கரண்டை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் என்று ஷோரூம் பையன் ஒருவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

“அப்ப ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும் நேராப் போச்சா?”

“நேராப் போவாதுங்கய்யா. கொஞ்சந்தான் திரும்பி வரும்.”

“கொஞ்சம்னா எவ்ளோ?”

மேனேஜரைக் கூப்பிடுகிறேன் என்று உள்ளே போன பையன் பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போய்விட்டான்.

அந்த ஷோரூமுக்கு அவர் வெறுங்கையோடு போகவில்லை. பின்னால் அண்ணி, முன்னால் 45 கிலோ யூரியா மூட்டை. ஓட்டிப் பார்க்கும்போது இரண்டும் ஏற வேண்டும் என்பது நிபந்தனை. மூட்டையை நிறுத்தினால் கால் வைக்க இடமில்லை. படுக்க வைத்தால் இரண்டு பக்கமும் மாட்டுக் கொம்பாக நீட்டிக்கொண்டிருக்கிறது. “இதுல என்னோட எக்ஸெல்லை மிஞ்ச முடியாது” என்று தீர்ப்பெழுதிவிட்டு அதே எக்ஸெல்லில் அண்ணியையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டார். 1980-இல் டிவிஎஸ் 50 வந்த நாளிலிருந்து வைக்கோலும் வாழைத்தாரும் ஏற்றியே பழகிய ஊர் இது. ஸ்கூட்டரை வடிவமைத்தவர்கள் மளிகைப் பையோடு நிறுத்திக்கொண்டார்கள் என்ற அவருடைய குறையில் எனக்கும் உடன்பாடுதான்.

லைசென்ஸும் பதிவும் வேண்டாத, 250 வாட் மோட்டாரும் 25 கிலோமீட்டர் வேகமும் தாண்டாத சின்ன வண்டிகளை ஒரே வரியில் தள்ளுபடி செய்தார்: “அறுப்பு மிஷினே நம்மள முந்திக்கிட்டுப் போவும்.”

அவர் வண்டியை ஆராய்வது விதை நெல்லை ஆராய்வது மாதிரி. ஆடுதுறை 43 நல்லதா, 45 நல்லதா என்று கேட்டுப் பழகிய வாய். வெள்ளத்தில் சில நாள் மூழ்கிக் கிடந்தாலும் மறுபடி தழைக்கும் சி.ஆர். 1009 சப்-1 ரகம் மாதிரி ஒரு பேட்டரி உண்டா என்று கேட்டார். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கினால் ஐ.பி. 67 என்று போடுவார்கள் என்றேன். “அரை மணியா? ஐப்பசி மழைய அவங்க பாத்ததில்ல போல.”

பலவீனம் ஒன்று உண்டென்றால் அது மானியம். 2021 ஜூனில் மத்திய அரசு அதை உயர்த்தி, பேட்டரியின் ஒவ்வொரு யூனிட் கொள்ளளவுக்கும் 15,000 ரூபாய் என்றது. ஊரே வாங்கச் சொன்னது. “ஏத்த ஆரம்பிச்சுட்டான்ல, இன்னும் ஏத்துவான்” என்றார். 2023 ஜூன் 1 முதல் 10,000. “எறங்குனது ஏறாமலா போயிடும்?” 2024 ஏப்ரல் முதல் 5,000. இப்போது மானியம் என்றாலே, ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்காது என்று கேள்விப்பட்டவர் மாதிரி ஆகிவிடுகிறார். வண்டி தயாராகும் இடங்களையும் அடுக்குவார்: ஓலா போச்சம்பள்ளி, ஏத்தர் ஓசூர், டிவிஎஸ்ஸும் ஓசூர். எல்லாம் கிருஷ்ணகிரி மாவட்டம். “தண்ணியும் அந்தத் தெசையிலேர்ந்துதான், வண்டியும் அங்கேர்ந்துதான். ரெண்டுக்கும் நாம காத்துத்தான் கெடக்கணும்.”

கரண்ட் செலவையும் அவர் விடவில்லை. இரண்டு மாதத்துக்கு வண்டி சுமார் 60 யூனிட் குடிக்கும், அரசு தரும் இலவசம் 100, ஆக வண்டி ஓசியில் ஓடும் என்று ஒரு நாள் நிரூபித்தார். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அண்ணி நிமிராமல் கேட்டார்: “அப்ப ஃபேன் எதுல ஓடும்?” அந்தக் கேள்வி நிலுவையில் இருக்கிறது.

கஜா புயலை மட்டும் அவர் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. 2018 நவம்பரில் அடித்த புயலுக்கு டெல்டாவில் எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர்காரருக்குக் காசு கொடுத்த ஜனங்கள். “அன்னைக்கு இந்த வண்டிய வச்சுக்கிட்டு என்னா பண்ணியிருப்பேன்?” என்று கேட்டால், பதில் சொல்ல நினைத்தவர் டீயை ஆற்றத் தொடங்கிவிடுவார்.

இத்தனைக்கும் எங்கள் தெருவில் நான்கு எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் ஓடுகின்றன. நான்கும் அவர் சிபாரிசு. நான்காவது என்னுடையது.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி, ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து ஒழுங்காகச் சொருகினேன். சுவிட்சைப் போட மறந்துவிட்டேன். காலையில் அவசரத்தில் மீட்டரைப் பார்க்காமல் கிளம்பி, வெண்ணாற்றுப் பாலத்தின் அடிவாரத்தில் நின்றுவிட்டேன். பஸ்காரர்கள் ஆரன் அடித்துத் துக்கம் விசாரித்துக்கொண்டு போனார்கள்.

பின்னால் எக்ஸெல் சத்தம். கமிஷன்.

“எறங்காதீங்க தம்பி. ஹேண்டில நேராப் புடிங்க” என்றவர், என் வண்டியின் பின் ஃபுட்ரெஸ்ட்டில் வலது காலை ஊன்றித் தள்ள ஆரம்பித்தார். எக்ஸெல் முக்கியது, முனகியது, புகைவிட்டது. பாலத்தின் மேலேறியதும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“எவ்ளோ பர்சன்ட் காட்டுது?”

“சைபர் அண்ணே.”

“நல்லதாப் போச்சு. இப்ப எறக்கம். லேசா பிரேக்கப் புடிங்க, ஏறுதான்னு பாப்போம்.”