ஞாயிறு மாலை மண்டபம்

ஸ்காபரோவின் சமூக நிலையமொன்றில் நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்யும் வேலையில் நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். ஸ்காபரோ தனி நகரமாக இருந்த காலம் அது. 1998இல்தான் ரொறன்ரோவோடு சேர்த்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வீடு வாங்கி வந்த வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குப் போட்ட அட்டவணைதான் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது: ஐஸ் ஹொக்கி, சறுக்கல் வகுப்பு, மூத்தோருக்கு யூக்கர் சீட்டாட்டம். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த எங்கள் தமிழ்ச் சனம் அந்தத் தெருக்களில் நிறைந்துவிட்டது. நிலையத்துக்குள் மட்டும் காணக் கிடைக்கவில்லை.

தமிழருக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை என்று கூட்டங்களில் பேசிக்கொண்டார்கள். ஆர்வம் இருந்தது, அட்டவணைதான் பொருந்தவில்லை. காலை பத்து மணிக்கு மூத்தோர் தேகப்பயிற்சி வைத்தால் ஓர் அம்மம்மா எப்படி வருவார்? மகளும் மருமகனும் வேலைக்குப் போக, பேரப்பிள்ளையைப் பார்ப்பவர் அவர்தானே. அதே நேரத்தில் பக்கத்து அறையில் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வகுப்பு வைத்தோம். பேரனைக் கையில் பிடித்தபடி வந்தார்கள். நீச்சல் தடாகத்தின் கண்ணாடிக்குத் திரை போட்டு, உயிர்காப்பாளராகப் பெண்ணை நிறுத்திப் பெண்களுக்கென்று ஒரு மணித்தியாலம் ஒதுக்கினோம். வாழ்நாளில் தண்ணீரில் இறங்கியிராத மாமிமார், முழங்கால் நோவுக்கு நல்லதாம் என்று சொல்லிக்கொண்டு இறங்கினார்கள்.

சீட்டு மேசைதான் கடினமாக இருந்தது. எங்கள் வயதானவர்கள் 304 என்ற எங்கள் சீட்டாட்டத்தை விளையாட இடம் கேட்டார்கள். யூக்கர் குழுவினர் மறுத்துவிட்டார்கள். வியாழன் பிற்பகல் தங்களுடையது, எத்தனையோ வருடமாகத் தங்களிடம் இருக்கிறது என்றார்கள். மண்டபத்தின் பாதி எந்த வியாழனும் வெறுமையாகக் கிடந்தது. கடைசியில் மூலையில் ஒரு மேசை கிடைத்தது. யூக்கர்காரர் ஒருவர் எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். நாலு பேர், இரண்டு பக்கம், துரும்பு. யூக்கரில் துரும்பு ஜாக்தான் எல்லாவற்றுக்கும் மேல். 304இலும் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11தான். யாரும் மொழிபெயர்க்காமலே அவருக்கு ஆட்டம் பிடிபட்டது. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் மேசைகள் கலந்துவிட்டன.

இப்போது அன்று விளையாட்டு வகுப்புக்கு வந்த பிள்ளைகள் வளர்ந்து மார்க்கம், ஏஜக்ஸ் என்று பெரிய வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன தொடர்மாடிகளில் ஆப்கானியரும் சிரியரும் பிலிப்பினோக்களும் வங்காளதேசத்தவரும் இருக்கிறார்கள். ஞாயிறு மாலை உள்ளரங்கு எங்கள் சங்கமொன்றின் கையில். பட்மின்டன் விளையாட முன்பு வரிசை நிற்கும். இன்று ஒரு கோர்ட் நிறைவதே பெரும்பாடு. அதற்கும் தூரத்திலிருந்து காரில் வருகிறார்கள். அண்மையில் ஓர் ஆப்கான் தாய், தங்கள் பெண் பிள்ளைகள் பந்து விளையாட அந்த நேரத்தில் ஒரு மணித்தியாலம் கிடைக்குமா என்று கேட்டார். “அது எங்கட நேரம். எத்தனையோ வருசமா வைச்சிருக்கிறம்” என்றார் சங்கத்து ஐயா ஒருவர்.

யூக்கர் குழு சொன்ன அதே வசனம். கேட்டபோது எனக்கு நெஞ்சு வலித்தது. ஐயாவைக் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தைப் பெற அவர் எவ்வளவு அலைந்தார் என்பதைக் கண்டவன் நான். ஆனால் போன வருடம் வைத்திருந்தவருக்கே இந்த வருடமும் என்ற வழக்கம் இருக்கும்வரை, அட்டவணை எப்போதும் ஒரு தலைமுறை பிந்தித்தான் நிற்கும். புதிதாக வந்தவருக்கு விண்ணப்பம் எப்போது திறக்கும் என்பதே தெரியாது. 2019 முதல் 2038 வரைக்கென்று ரொறன்ரோ நகரசபை பூங்காக்களுக்கும் பொழுதுபோக்கு நிலையங்களுக்கும் பெரிய திட்டம் வைத்திருக்கிறது. நல்லது. கட்டடம் எழும்பப் பல வருடம் செல்லும். ஒரு மணித்தியாலத்தைக் கைமாற்ற ஒரு கையொப்பம் போதும்.

தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளிடம் கேட்கிறேன்: அடுத்த பருவத்துக்குப் பெர்மிட் புதுப்பிக்கும் முன் உங்கள் வருகைப் பதிவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆளில்லாத மணித்தியாலத்தை நீங்களாகவே விட்டுக்கொடுங்கள். அதை யாரிடம், எப்படிக் கேட்பதென்று அந்தத் தாய்க்குச் சொல்லிக்கொடுங்கள்.