விலைமரபியல்: ஓட்டிய காரை விற்போர்க்கு உரிய இலக்கணம்

எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் இலக்கணம் கண்ட இனம், வாசலில் நிற்கும் காருக்கு விலை காண மட்டும் பக்கத்து வீட்டுக்காரரையும் மச்சினனையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அக்குறை நீக்குவதே இந்நூலின் நோக்கம். இட எல்லை தமிழ்நாடு. கால எல்லை, வண்டியைக் கொடுத்துவிடலாமா என்று வீட்டில் பேச்செழுந்த நாள் முதல் ஆர்.சி.யில் பெயர் மாறும் நாள் வரை. கன்சல்டிங் கடையில் கொண்டுபோய் விடுவதும், புது வண்டி எடுக்கையில் பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளுவதும் இதில் அடங்கா. அவை விற்பனை அல்ல, சரணாகதி.

ஆய்வுப் பொருளாக ஒரு வண்டியைக் கொள்வோம். 2017 மாடல் வேகன்ஆர், பெட்ரோல், மதுரைப் பதிவு, 62,000 கிலோமீட்டர் ஓட்டம், சிங்கிள் ஓனர். விற்கிறவரை விற்போன் என்றும், பார்க்க வருகிறவரை வருவோன் என்றும் வழங்குவோம். வாங்குவோன் என்னாது வருவோன் என்றது என்னையெனின், வருவோர் எல்லாரும் வாங்குவோர் அல்லர் ஆதலின். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காப்பிக்கும் இடையே பொழுது போகாதவர் பலர் கார் பார்க்கக் கிளம்புகிறார்கள்.

விற்போனிடம் முதற்கண் தோன்றுவது மனவிலை. இது கணக்கால் வருவதன்று. கணக்குப்போலத் தோற்றம் தருவது. அன்று ஆன்ரோடு ஐந்தேகால் லட்சம். அதில் சீட் கவர், ரிவர்ஸ் கேமரா, மச்சினன் வற்புறுத்திப் போட்ட மியூசிக் சிஸ்டம் ஆகியவற்றைக் கூட்டுக. போன வருஷம் மாற்றிய நான்கு டயர்களையும் கூட்டுக. ஓட்டின காலத்துக்காக ஏதோ கொஞ்சம் கழிக்க. வருவது நாலு லட்சத்து இருபதாயிரம். இந்த வண்டி இந்த விலை பெறும் என்று நம்புகிற மனிதர் உலகில் ஒருவர் உண்டு. அவர்தான் அதை விற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்நோய் நம்மவர்க்கே உரியதன்று. கானமன், நெட்ச், தேலர் என்னும் மூவர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப்பேருக்குக் காபிக் குவளை ஒன்றைக் கொடுத்து, மீதிப்பேரிடம் விற்கச் சொன்னார்கள். வைத்திருந்தவர் கேட்டது, வாங்க நின்றவர் தர இசைந்ததைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. கைக்கு வந்து சில நிமிஷமே ஆன குவளைக்கு இப்படியென்றால், ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டிக்கு என்ன சொல்ல? பின்சீட்டில் இருக்கும் கறை வருவோனுக்கு ஐந்நூறு ரூபாய் வாஷிங் செலவு. விற்போனுக்கு அது பழனி போய் வந்த வழியில் மகள் எடுத்த வாந்தி. பாசத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதை வருவோன் கட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் வழு.

டயர் பற்றி ஒரு புறனடை. புது டயர் போட்டிருப்பதைச் சொன்னால் வருவோன் "சரிங்கண்ணே" என்பதோடு நிறுத்திக்கொள்வான். போடாமல் விட்டால், அதற்கென்று இருபதாயிரம் குறைப்பான். ஆக, விற்பதற்காகப் புது டயர் போடுகிறவன் லாபம் காண்பதில்லை. ஒரு வாதத்தை மட்டும் விலைக்கு வாங்குகிறான். புதுசு என்று சொல்லி ஏய்க்கவும் வழியில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் உண்டு. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் வார்த்தது. குனிந்து அதைப் படிக்கத் தெரிந்த தலைமுறை வந்துவிட்டது.

இரண்டாவது நூல்விலை. இன்சூரன்ஸ் பத்திரத்தில், வண்டியின் மதிப்பாக ஐ.டி.வி. என்றொரு தொகை காணப்படும். அதைத் தருவது ஒரு தேய்மான அட்டவணை. வண்டிக்கு ஆறு மாதம் வரை 5 சதவீதம் தேய்மானம். ஓராண்டு வரை 15. இரண்டாண்டு வரை 20. பிறகு 30, 40 என ஏறி, ஐந்தாண்டு முடிகையில் 50. அட்டவணையின் அழகைக் கவனிக்க. ஆறு மாதம் நிறைகிற நாளில் 5 சதவீதம் தேய்ந்திருந்த வண்டி, மறுநாள் 15 சதவீதம் தேய்ந்து நிற்கிறது. அன்றிரவு ஷெட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்கு உரையாசிரியர் எவரும் விளக்கம் தரவில்லை. ஐந்தாண்டுக்கு மேல் கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி முடித்துக்கொள்ள வேண்டியது என்று அட்டவணை கைவிரிக்கிறது. நம் வேகன்ஆர் நிற்பது அந்தப் பிராந்தியத்தில்தான். நூல் முடிந்த இடத்தில் பேரம் தொடங்குகிறது என்க.

நூல்விலைக்குப் பகையாவது அரசாணை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. நாடே மகிழ்ந்த நாள். புதுசு இறங்கினால் பழசும் இறங்கத்தானே வேண்டும்? நிறுத்திய இடத்தில் நின்றபடி, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல், விற்போனின் வண்டி அன்று தேய்ந்தது. அவன் கட்டிய பழைய வரியை வருவோன் எவனும் ஈடுகட்ட முன்வரவில்லை.

மூன்றாவது சந்தைவிலை. இதே மாடல், இதே வருஷம் என்ன விலைக்குப் போகிறது என்று விளம்பரங்களைத் திரட்டிச் சராசரி எடுப்பது இங்கு வழக்கம். இம்முறையில் அடிப்படைப் பிழை ஒன்று உண்டு. விற்றுப்போன வண்டியின் விலை எங்கும் எழுதிவைக்கப்படுவதில்லை. மாதக்கணக்கில் விளம்பரத்தில் நிற்பவை விற்காத வண்டிகள். அவற்றின் சராசரி என்பது, இந்த விலைக்கு விற்காது என்பதற்கான சான்று. ஆய்வாளர் அதை உச்சவரம்பாகக் கொண்டு, அதற்குக் கீழே எங்காவது தேட வேண்டும்.

விளம்பர மொழிக்குத் தனி அகராதி வேண்டும். 'டாக்டர் வண்டி' என்றால் அதிகம் ஓடாதது என்று பொருள். தமிழ்நாட்டில் விற்பனைக்கு நிற்கும் டாக்டர் வண்டிகளைப் பார்த்தால், நம் மருத்துவர்கள் கார் வாங்குவதும் அதை ஓட்டாமல் வைத்திருப்பதுமாகவே காலம் கழிக்கிறார்கள் என்று முடிவு கட்ட நேரும். 'சின்ன டச்சப்' என்றால் ஒரு பக்கம் முழுக்க டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்தது. 'ஏ.சி. சூப்பர், கேஸ் மட்டும் அடிக்கணும்' என்றால் ஏ.சி. வேலை செய்யவில்லை. 'பேப்பர் எல்லாம் கரெண்ட்' என்பது மட்டும் சொல்லுக்குச் சொல் உண்மையாக இருக்கும்; வண்டியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லாதபோது அது வரும்.

இவ்வளவு ஐயம் ஏன் என்பதற்கு விடை கண்டவர் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கர். நல்ல வண்டி எது, ஓட்டை வண்டி எது என்பது விற்பவனுக்குத்தான் தெரியும். வாங்குபவன் இரண்டுக்கும் நடுவே ஒரு விலை சொல்கிறான். நல்ல வண்டிக்காரன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். சந்தையில் மிஞ்சுவது ஓட்டை. இதை எழுதி அனுப்பியபோது, இவ்வளவு அற்பமான விஷயத்தைப் போடுவதற்கில்லை என்று இரண்டு இதழ்கள் திருப்பியனுப்பின. 1970-இல் வேறோர் இதழில் அச்சாயிற்று. 2001-இல் நோபல் வந்தது. இக்கட்டுரை ஆசிரியர்க்கு இது பெரிய ஆறுதல். அக்கட்டுரையில் இந்திய வட்டிக்கடைக்காரர்கூட வருகிறார். கார் புரோக்கர் வரவில்லை. இந்தப் புறக்கணிப்பைக் கண்டிக்கிறோம்.

அக்கர்லாஃப் கண்ட சிக்கலுக்குத் தமிழர் கண்ட தீர்வு, கூடவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போவது. வருவோன் "நம்ம பையன்தாண்ணே, சும்மா வந்தான்" என்று அறிமுகம் செய்வான். சும்மா வந்தவர் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் மூடியைக் கழற்றிப் புகை வருகிறதா என்று பார்ப்பார். கதவுப் பீடிங்கை உரித்துப் பில்லரில் வெல்டிங் புள்ளிகள் கம்பெனியில் வைத்தபடியே இருக்கின்றனவா என்று தடவுவார். விரல் முட்டியால் தட்டிப் பட்டி பூசிய இடத்தைக் கண்டுபிடிப்பார். எதுவும் சொல்ல மாட்டார். "ம்" என்பார். அந்த ஒரு மெய்யெழுத்தின் விலை ஐயாயிரம். நான்கு முறை சொன்னால் இருபதாயிரம். வண்டியில் குறையே இல்லையென்றாலும் இரண்டு தடவையாவது சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவரை அழைத்துவந்ததற்கு அர்த்தம் இல்லை.

இவருடைய கலை மாட்டுச் சந்தையிலிருந்து வந்தது என்பது எம் துணிபு. அங்கே பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள். இங்கே மீட்டரைப் பார்க்கிறார்கள். அங்கே சுழி, இங்கே நம்பர். பதிவெண்ணின் கூட்டுத்தொகை எட்டு வந்தால், அந்த வண்டியை வேண்டாமென்று போகிறவர் நம்மில் நிறைய. விற்போன் அதே வண்டியில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து, வீடு கட்டி, பேரன் பார்த்திருந்தாலும், எட்டு எட்டுதான். மீட்டர் விஷயத்தில் வெள்ளைக்காரர்களும் சுழி பார்க்கிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 2012-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று 2 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட பழைய கார் விற்பனைகளை அலசியது. பத்தாயிரம் மைல் எல்லை ஒவ்வொன்றையும் தாண்டும் இடத்தில் விலை படியிறங்குவதுபோல் சட்டென்று விழுந்ததாம். எனவே 59,900-இல் விற்பது 60,100-இல் விற்பதைவிட மேல். நம் விற்போன் 62,000-இல் நிற்பதால், அடுத்த படி வருவதற்குள் குடும்பத்தோடு திருச்செந்தூரும் கன்னியாகுமரியும் போய்வர அறிவியல் அனுமதிக்கிறது. ஆனால் டிசம்பரைத் தாண்டக் கூடாது. ஜனவரி ஒன்று பிறந்தால் வண்டிக்கு ஒரு வயது கூடிவிட்டதென்று வருவோன் சொல்வான்.

சந்தையிலிருந்து வராமல் போனது ஒன்றே ஒன்று: துண்டு. பொள்ளாச்சிச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையைவிட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. வியாபார ரகசியம் என்று இதை ஆய்வாளர் விளக்குவர். யாம் அங்ஙனம் கருதோம். அந்தத் துண்டு மூடியது விலையை அன்று, விற்றவன் மானத்தை. எவ்வளவுக்குப் போயிற்று என்று ஊருக்குத் தெரிந்தால்தானே "அடப்பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னும் ஐயாயிரம் வாங்கித் தந்திருப்பேனே" என்று எவனாவது கேட்பான்?

கார் விற்பனையில் அந்தத் துண்டு இல்லை. விற்ற மறுநாள் பால்காரர் கேட்பார், எதிர்வீட்டுக்காரர் கேட்பார், சம்பந்தி போனில் கேட்பார். என்ன தொகை சொன்னாலும் அது குறைவு. வாங்கினவன் வீட்டில் இதே விசாரணை நடக்கும். அங்கே என்ன தொகை சொன்னாலும் அது அதிகம். ஐம்பதாயிரம் நஷ்டத்தைக்கூட மனிதன் தாங்கிக்கொள்வான். ஏமாளி என்ற பட்டத்தைத் தாங்க மாட்டான். விற்போன் விலையை இழுத்துப் பிடிப்பதும் வருவோன் கீழே இழுப்பதும் பணத்துக்காக என்று எண்ணுவது மேலோட்டம்; இருவரும் அவரவர் வீட்டில் சொல்லப்போகும் பதிலைத்தான் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நியாய விலைக்கு இலக்கணம் பின்வருமாறு யாத்தோம்.

விற்றவன் கூட்டியும் கொண்டவன் குறைத்தும்
வீட்டில் சொல்லத் தகுவதே விலையே.

என்பது சூத்திரம். 'தகுவதே' என்ற ஏகாரம் தேற்றம். கூட்டியும் என்றது பத்தாயிரம் அளவும் கொள்க. அதற்கு மேல் கூட்டின் பாஸ்புக் காட்டிக்கொடுக்கும். ரொக்கமாக வாங்கி மறைக்கலாமே எனின், ஆகாது. 2 லட்சமோ அதற்கு மேலோ ஒரே பரிவர்த்தனையில் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கின தொகை அளவுக்கே அபராதம். இச்சட்டத்தால் கறுப்புப் பணம் ஒழிந்ததோ என்னவோ, எதிர்வீட்டாரிடம் சொல்லும் பொய்க்கு வரம்பு வந்துவிட்டது.

இனிச் சூத்திரத்தைப் பிரயோகிக்கும் வகை. மூன்றேகால் லட்சத்துக்குப் போனால் போதும் என்று விற்போன் மனத்துள் முடிவு கட்டினால், வெளியே மூன்று அறுபது சொல்ல வேண்டும். இடையிலுள்ள முப்பத்தையாயிரம் வருவோனின் சொத்து. குறைத்துப் பேசி வாங்கினேன் என்று வீட்டில் சொல்ல அவனுக்கு அது வேண்டும். நேரே மூன்று இருபத்தைந்து என்று சொல்லி, ஒரு ரூபாய் குறையாது என்று நிற்கிற யோக்கியரிடம் யாரும் வாங்குவதில்லை. அந்த முப்பத்தையாயிரத்தைத் தரும் முறையும் முக்கியம். முதலில் பதினைந்து, பிறகு பத்து, பிறகு ஐந்து, பிறகு மூன்று, கடைசியில் "சரி, ஒங்களுக்காக" என்று இரண்டு. ஒரே தாவலில் இருபதாயிரம் இறங்குகிறவனிடம் இன்னும் ஐம்பது ஒளிந்திருக்கிறது என்று வருவோன் நினைப்பான். பெரும்பாலும் அவன் நினைப்பது சரி.

போனில் "அண்ணே, லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க" என்பவன் வருவோன்கூட அல்லன். அவனுக்குச் சொல்லும் விலை, அடுத்து வருகிறவனின் தொடக்க விலையாகிவிடும். "நேர்ல வாங்க தம்பி, பேசிக்கலாம்" என்பதே மரபு.

தாள்களைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். படிவம் 29-இலும் 30-இலும் கையெழுத்து; மாநிலத்துக்குள் என்றால் விற்றவன் பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாமல் கைமாறிக் கைமாறிப் போன ஒரு வண்டியின் விபத்து வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், நஷ்டஈடும் அவரே தர வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "பேரு மாத்திக்கிறேண்ணே, அவசரமில்லையே?" என்கிறவனுக்கு ஐயாயிரம் குறைத்துக் கொடுப்பதைவிட, சொன்ன விலையில் நின்று, அவனையும் கூட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போவது மேல். இன்சூரன்ஸில் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, ஓனரோடு நிற்கும். 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கக்கூடிய அச்சலுகையை வருவோன் தன்னுடையதென்று விலையில் சேர்க்கச் சொன்னால் மறுக்க.

டேங்கில் கிடக்கும் பெட்ரோல் விலையில் சேருமா என்பதில் இருவேறு கொள்கை உண்டு. சேராது என்பார், டெலிவரிக்கு முந்தின நாள் ஊரெல்லாம் சுற்றி முள்ளை ரிசர்வுக்குக் கொண்டுவந்துவிடுவர். சேரும் என்பார், அட்வான்ஸ் கொடுத்த அன்றே முள் எங்கே நிற்கிறதென்று போட்டோ எடுத்துவைத்துக்கொள்வர். இரண்டாமவர் கட்சி வளர்ந்து வருகிறது.